கலராகக் காட்டாத விளக்கு

எங்கள் பழைய கடையில் புடவை எடுக்க வருகிறவர்கள், பிடித்தது கையில் கிடைத்ததும் நேராகத் தெருவுக்குப் போவார்கள். "வெளிச்சத்துல ஒருக்கா பாத்துட்டு வந்துடறேங்க" என்பார்கள். நானும் கூடவே வாசல் வரை போவேன். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலை அது. தக்காளிப் பெட்டி ஏற்றிய டெம்போக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அந்தப் புழுதியில் நின்று முந்தானையை விரித்துப் பிடிப்போம். உள்ளே அரக்காக இருந்தது வெளியே வெங்காயத்தோல் நிறமாக இருக்கும். உள்ளே கறுப்பு என்று ஒதுக்கிய புடவை வெளியே மயில்கழுத்தாக மின்னும். "இதுவா அது?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, திரும்பவும் உள்ளே போய் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒடுங்கலாக இருந்தது. மாமனார் காலத்து டியூப் லைட்டுகள். எந்நேரமும் ஏதாவது ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். மாமனாருக்குப் பிறகு கடையை நானும் என் கணவரும் பார்த்துக்கொண்டோம். சரக்கு எடுக்க ஈரோட்டுக்கும் சூரத்துக்கும் போவது அவர் வேலை. கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவது என் வேலை. அவருக்குப் பேச்சு வராது, எனக்கு நிற்காது. கணவரின் அண்ணன் தர்மபுரியில் பெரிய துணிக்கடை வைத்திருக்கிறார். பாலக்கோட்டுக் கட்டடம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது.

அதே கட்டடத்தில் பக்கத்தில் வாடகைக்கு இருந்த உரக்கடைக்காரர் காலி செய்துகொண்டு போனதும், அண்ணன்தான் சுவரை இடித்துவிடலாம் என்று ஆரம்பித்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ரெடிமேடுக்குத் தனி இடம், பெண்கள் போட்டுப் பார்க்க ட்ரையல் ரூம்.

"இனிமே கடைன்னு சொல்லாத. ஷோரூம்னு சொல்லிப் பழகு" என்றார் என்னிடம்.

"என்ன வேணா சொல்றேன் மாமா. எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சி குடுங்க. இனிமே ஒருத்தரும் புடவையத் தூக்கிட்டுத் தெருவுக்குப் போவக் கூடாது. அந்த மாதிரி லைட்டு வேணும்."

"அவ்ளோதானே? கண்ணு கூசற மாதிரி அடிச்சிடலாம்" என்றார். நான் கேட்டது ஒன்று, அவருக்குக் கேட்டது வேறொன்று. அன்றைக்கு எனக்கும் அது புரியவில்லை.

விளக்கு போட சேலத்திலிருந்து ஒருவரை அவரே அனுப்பி வைத்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. ஒரு சூட்கேஸ் நிறைய விதவிதமான எல்இடி விளக்குகளைக் கொண்டுவந்து, பூசு வேலை முடியாத தரையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினார். நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கரண்ட் பில்தான் எனக்கு முதல் கவலை. கடைக்கு வாங்குகிற ரேட்டு வீட்டு ரேட்டு இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை எரிகிற விளக்கு வேறு.

"லைட்ட அதிகம் போட்டாத்தான் வெளிச்சம்னு இல்லீங்க மேடம்" என்றார் அவர். "மேல் சீலிங்கும் சுவத்து மேல்பாகமும் பளபளப்பில்லாத வெள்ளை அடிச்சிடுங்க. வெளிச்சம் திரும்ப கீழ வரும். பாதி லைட்டு போதும்."

கடையில் எல்லாரும் பெரியவர் என்று சொல்கிற அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பெங்களூர் மால்களில் சீலிங்குக்குக் கறுப்பு அடித்திருப்பதைப் பார்த்து வைத்திருந்தார். கறுப்புதான் ரிச்சாக இருக்கும் என்றார்.

"ரிச்சாத்தான் இருக்கும் சார். ஆனா வெளிச்சத்தக் குடிச்சிடும். அதுக்கும் சேத்து கரண்ட் பில் கட்டணும்" என்றார் விளக்குக்காரர்.

"வெள்ளையே அடிங்க" என்றேன் நான். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கரண்ட் பில் கட்டப்போவது நாங்கள்தான் என்பதால் விட்டுவிட்டார். அதுவரை எல்லாம் சுமுகமாகவே போனது.

சண்டை வந்தது ட்ரையல் ரூமில்.

அன்றைக்கு மத்தியானம், கதவு கூட மாட்டாத அந்தச் சின்ன அறையில் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதன் இரண்டு பக்கமும் விளக்குக்காரர் பட்டையான விளக்குகளை ஒட்டினார். போட்டதும் அறை முழுக்க ஒரு மாதிரி ரோஜா கலந்த வெள்ளை பரவியது.

"இப்ப இங்க வந்து நில்லுங்க மேடம்."

நின்றேன்.

"பாத்தீங்களா? ரெண்டு ஷேட் கலராயிட்டீங்க."

எங்கள் ஊர்ப் பேச்சில் கலர் என்றால் சிவப்பான தோல் நிறம் என்று பொருள். பச்சை கலர் இல்லை, நீலம் கலர் இல்லை, நான் கலர் இல்லை. அந்தக் கண்ணாடியில் ஆகியிருந்தேன். கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் வெளுத்துக் கொடுத்த முகம் மாதிரி, மூக்கும் வாயும் மட்டும் எனக்குச் சொந்தமாக ஒரு முகம். கையை மெதுவாக அறைக்கு வெளியே நீட்டினேன். வெளியே கொத்தனார் தொங்கவிட்டிருந்த சாதாரண பல்பு எரிந்துகொண்டிருந்தது. முழங்கை ஒரு நிறம், விரல்கள் ஒரு நிறம். இரண்டு பொம்பளைகளை வெட்டி ஒட்டினாற்போல் இருந்தது.

பின்னால் நின்றிருந்த அண்ணன் சிரித்தார். "எங்க கடையில இதான் போட்டிருக்கு. உள்ள போறப்ப மூஞ்சத் தூக்கி வெச்சிட்டு போறவ, வெளிய வரப்ப சிரிச்சிக்கிட்டே வருவா. அப்புறம் பில்லு போட வேண்டியதுதான்."

"வேணாங்க" என்றேன்.

"என்னாது வேணாம்?"

"இந்த லைட்டு வேணாங்க மாமா."

"ஏன்?"

ஏன் என்று அந்த இடத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அவருக்கு அது காரணமாகத் தோன்றியிருக்காது.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக என்னைப் பெண் பார்க்க வந்தது ஒரு சாயங்கால வேளை. வருவதற்கு முன்னால் என் அத்தை கூடத்து டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு ஒரு மஞ்சள் பல்பை மாட்டச் சொன்னார். டியூபில் நான் கரியாகத் தெரிகிறேனாம். மஞ்சளில் களையாக இருப்பேனாம். நானும் களையாகப் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, கூச்சமே இல்லாமல் சொன்னார்: "கண்ணு, அப்பிடியே வாசலுக்கு வா. வெளிச்சத்துல ஒருக்கா பாத்துடறோம்."

வாசலுக்குப் போனேன். பொழுது இன்னும் இறங்கியிருக்கவில்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கைக்கு உள்பக்கம் வெயில் படாத இடத்தைப் பார்த்தார். காப்பி குடித்தார்கள், போனார்கள். பெண் நல்ல பெண், கலர்தான் பத்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

என் அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பல்பின் மேல்தான் ஆத்திரமாக வந்தது. அது இல்லாவிட்டால் நடையில் ஏறும்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். என் கையை யாரும் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றிவிட்டு அப்பாவிடம் சொன்னேன்: "இனிமே யார் வந்தாலும் மத்தியானத்துல வரச் சொல்லுங்க. வூட்டுக்குள்ள பாக்க வேணாம். களத்துல வெச்சி பாக்கட்டும்."

என் கணவர் அப்படித்தான் வந்தார். உச்சி வெயில், களத்தில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. கண் கூசி என்னைச் சரியாகவே பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பார்த்தார். எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் நான் ட்ரையல் ரூமில் நின்று சொல்லவில்லை. "பொய்யாக் காட்டுது மாமா" என்று மட்டும் சொன்னேன். "துணியக் கொண்டுபோய் வூட்டுல போட்டுப் பாத்தா வேற மாதிரி இருக்கும். நாளைக்கே மாத்த வருவாங்க."

"ஒருத்தியும் வரமாட்டா. லைட்டு மேல தப்புன்னு எவளுக்கும் தோணாது. தன் மூஞ்சி மேலதான் தப்புன்னு நெனச்சிப்பா" என்றார் அவர்.

வியாபாரத்தில் பழுத்தவர். சரியாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அந்த விளக்கு வேண்டாம் என்பது இன்னும் உறுதியாயிற்று.

மற்ற விளக்குகளையும் நானே பார்த்துத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் நானும் கணவரும் சேலத்துக்கு அந்த விளக்குக்காரரின் கடைக்குப் போனோம். கிளம்புவதற்கு முன் மார்க்கெட்டில் கொஞ்சம் தக்காளி பொறுக்கினேன். ஒன்று நன்றாகப் பழுத்தது, ஒன்று செங்காய், ஒன்று இப்போதுதான் அடியில் நிறம் தட்ட ஆரம்பித்தது. கூடவே ஒரு அரக்கு ரவிக்கைத் துண்டு, ஒரு குங்குமப் பொட்டலம்.

"இது என்னாத்துக்கு?" என்றார் கணவர்.

"பாத்துக்கிட்டே வாங்க."

எங்கள் பக்கத்தில் பிறந்த யாரையும் தக்காளியின் நிறத்தில் ஏமாற்ற முடியாது. அந்தக் கடையில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகச் சின்னச் சின்னக் கூண்டு மாதிரித் தடுத்து வைத்திருந்தார்கள். முதல் கூண்டில் எல்லாரும் வாங்குகிற வெள்ளை விளக்கு, பகல் மாதிரி எரிந்தது. தக்காளியை வைத்தேன். பழமும் செங்காயும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே நிறத்தில் இருந்தன. குங்குமம் செங்கல் தூளாகத் தெரிந்தது. ரவிக்கைத் துண்டு காப்பிப் பொடி. என் கையைப் பார்த்தேன். சாம்பல் பூசினாற்போல் இருந்தது. வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. நிறம்தான் செத்துக் கிடந்தது.

விளக்குக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், "குடுங்க மேடம்" என்று தக்காளியை வாங்கிக்கொண்டு அவரே ஒவ்வொரு கூண்டாக வைத்துக் காட்டினார். கடைசியில் ஒரு விளக்கின் கீழே வைத்ததும் பழம் பழமாக, செங்காய் செங்காயாகப் பிரிந்து நின்றது. குங்குமம் நெற்றியில் இருக்கிற மாதிரியே இருந்தது.

"பொருளோட நிஜ நிறத்த எவ்ளோ காட்டும்னு லைட்டுக்கு ஒரு மார்க்கு இருக்குங்க. சிஆர்ஐன்னு சொல்வோம். நூத்துக்கு எண்பது எடுத்தா சாதாரணமா விக்கிறது. இது தொண்ணூறுக்கு மேல. செவப்பு நல்லா வரும்" என்றார். அட்டைப் பெட்டியின் பின்பக்கம் அந்த எண் சின்னதாக அச்சிட்டிருந்தது.

"இத ஏன் தம்பி மொதல்லியே கொண்டு வரல?"

"யாரும் கேக்க மாட்டாங்க மேடம். வாட்ஸ் என்னா, வெல என்னான்னுதான் கேப்பாங்க. இது வெலயும் ஜாஸ்தி. அதே கரண்டுக்கு வெளிச்சம் கொஞ்சம் கம்மி."

"நான் கேக்கறேன். அந்தக் கம்மிய எப்பிடி சரிக்கட்டறதுன்னு நீங்க சொல்லுங்க."

அவருக்கும் அதற்குள் உற்சாகம் வந்திருந்தது. பில் போடுகிற தாளைத் திருப்பிப் படம் போட ஆரம்பித்தார். நடக்கிற பாதைக்கு எதற்கு அவ்வளவு விளக்கு, துணி இருக்கிற ரேக்கைப் பார்த்துத் திருப்பினால் போதும் என்றார். கண்ணாடிப் பக்கத்து விளக்குகளுக்குத் தனி சுவிட்சு வைத்தால் பகலில் அணைத்துவிடலாம். ட்ரையல் ரூமிலும் குடோனிலும் ஆள் நுழைந்தால் எரிந்து, போனால் அணைகிற மாதிரி வைத்துவிடலாம். நிறம் ரொம்ப மஞ்சளும் வேண்டாம், நீலம் பாய்ந்த வெள்ளையும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில். தொண்ணூறு மார்க் விளக்கைத் துணி மேலும் ட்ரையல் ரூமிலும் மட்டும் போட்டால், குடோனுக்கும் வாசப்படிக்கும் சாதாரணமே போதும். அவர் கணக்குப்படி, இரண்டு மடங்கு பெரிய கடை ஆனாலும் பழைய டியூப்களுக்குக் கட்டியதைவிட பில் ஏறாது. ஏறவும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் அந்தப் பழுத்த தக்காளியைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "எங்கண்ணன்கிட்ட யாரு சொல்றது?"

"நான்தான். நீங்க எப்ப சொல்லியிருக்கீங்க?"

சொன்னேன். அண்ணன் பட்டென்று போனை வைத்துவிட்டார். கோபித்துக்கொண்டால் அவர் அப்படித்தான். பிறகு திறப்பு விழாவுக்கு வந்தார், போட்டோவுக்கு நின்றார். விளக்குகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

நான் நினைத்தபடி எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ட்ரையல் ரூம் விளக்கை மேலே சீலிங்கில் வைத்தது என் யோசனை. கடையில் வேலை செய்கிற பெண் வத்தல்மலைக்காரி, நல்ல உயரம். முதல் நாள் உள்ளே போய் நின்றுவிட்டு, "அக்கா, பேய் மாதிரி இருக்கறேன்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். உச்சந்தலையில் விழுந்த வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே இரண்டு குழி, மூக்குக்குக் கீழே ஒரு மீசை. விளக்குக்காரரைத் திரும்ப வரவழைத்து, கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முக உயரத்தில் மாற்றினோம். அவர் முதலில் ஒட்டிக் காட்டிய அதே இடம்தான். விளக்கு மட்டும் வேறு.

புடவை எடுக்கிறவர்கள் தெருவுக்குப் போவது மெல்ல மெல்ல நின்றது. சிலர் பழக்கத்தில் வாசல் வரை போய், இரண்டு இடத்திலும் ஒரே நிறமாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு கன்னடக்கார அம்மாள் அப்படிப் போய் வந்து மருமகளிடம், "பண்ண ஒந்தே இதே" என்றார். நிறம் ஒன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு விருது வாங்கினாற்போல் இருந்தது.

ட்ரையல் ரூமில்தான் முணுமுணுப்பு. "உங்க கண்ணாடி சரியில்லீங்க" என்றார்கள் சிலர். காரிமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெண் சுடிதாரைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "தர்மபுரி கடையில போட்டா நல்லா கலரா தெரியறேன். இங்க ஏன் இப்பிடி?" என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "நல்லாத்தான்மா இருக்கற. அங்க பாத்தது உன்னோட மூஞ்சி இல்ல" என்றேன். அவள் சுடிதாரை மேசையில் போட்டுவிட்டுப் போயே போய்விட்டாள். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உண்மையச் சொல்றதுக்குக் கடை எதுக்கு, கோயில்ல போய் உக்காரு" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் வந்ததே அதிகம்.

ஆனாலும் நான் மாற்றவில்லை. வேறு ஒன்று கவனித்தேன். பொதுநிறம், கறுப்பு என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற பெண்கள் வழக்கமாகச் சந்தனம், வெளிர் ரோஜா, கிரீம் என்று மங்கலாகவே எடுப்பார்கள். அடர்த்தியாகப் போட்டால் எடுபடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் கண்ணாடியில் அவர்களே பார்த்தார்கள், கிரீம்தான் அவர்களை வெளிறடிக்கிறது என்று. கடுகு மஞ்சளையும் ராமர் பச்சையையும் நான் எடுத்துக் கொடுக்காமலே தோளில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

தீபாவளிச் சரக்கு எடுக்க நானும் கணவரும் ஈரோட்டுக்குப் போயிருந்தோம். மறுநாள் மத்தியானம் திரும்பினால், கடைக்குள் காலை வைக்கும்போதே தெரிந்துவிட்டது. ட்ரையல் ரூம் கதவின் அடி இடுக்கில் ரோஜா நிறம் கசிந்துகொண்டிருந்தது. வத்தல்மலைப் பெண் என் பக்கத்தில் வந்து, "பெரியவரு ஆளக் கூட்டிட்டு வந்து மாத்திட்டாருங்க அக்கா. நாங்க என்னா சொல்றது" என்றாள்.

பெரியவர் கல்லாவிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.  ட்ரையல் ரூமில் இருந்த பெண் வெளியே வரும் வரை காத்திருந்தேன். மெயின் போர்டில் அந்த அறையின் சுவிட்சை இறக்கினேன். குடோனிலிருந்து சின்ன ஏணியை எடுத்து வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். கண்ணாடிக்கு மேலே சீலிங் வரை ஒட்டியிருந்த முதல் பட்டையை டெஸ்டரால் நெம்பிப் பிடுங்கினேன். கதவு திறந்தே இருந்தது. கடை நிறைய ஆட்கள்.

"எறங்கும்மா கீழ. ஆளுங்க பாக்கறாங்க" என்றார் அண்ணன்.

"பாக்கட்டுங்க."

"இது எங்கப்பா வெச்ச கடை."

"கடை அவரு வெச்சதுங்க. லைட்டு நான் வெச்சது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. டீ டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்தார். "புத்தி இருந்தா யோசிச்சிப் பாரு. கறுப்பாத் தெரியறதுக்குன்னு எவளாவது காசு எடுத்துக்கிட்டு கடைக்கு வருவாளா?"

 ஏணி மேலிருந்து பார்த்தேன். வத்தல்மலைப் பெண், மடித்து வைத்துக்கொண்டிருந்த இன்னொரு பெண், புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கைக்குழந்தையோடு வரிசையில் நின்றவள். என்னையும் சேர்த்து அங்கே இருந்த ஒருவரும் அவர் சொல்கிற கலர் இல்லை. அவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்.  நான் வாயைத் திறப்பதற்குள், மார்க்கெட்டில் தக்காளி போட்டுவிட்டு நேராக வந்திருந்த ஒரு அம்மாள், கையில் காலிப் பையோடு, மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

"அப்ப நாங்கெல்லாம் என்னாத்துக்குங்க வந்திருக்கறோம்?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது ஒவ்வொருத்தியாகப் பற்றிக்கொண்டது. வத்தல்மலைப் பெண் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் இரண்டாவது பட்டையையும் பிடுங்கிக் கீழே போட்டேன். பழைய விளக்குகளை அவர் ஆள் குடோன் மூலையில் போட்டிருந்தார், நல்லவேளையாக உடையாமல். சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து மாட்டினார்.

அண்ணன் அதைச் சும்மா விடவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் தம்பியிடம் மட்டும் பேசினார். "உம் பொண்டாட்டிகிட்ட என்னால ஆவாது. கட்டடத்தப் பிரிச்சிக்கலாம். உரக்கடை இருந்த பக்கத்த நான் வாடகைக்கு வுட்டுக்கறேன்."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் சமாதானம் பேசுவார், என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டும் இருந்தேன். அவரோ, "சரிண்ணா. பிரிச்சிக்கலாம்" என்றார்.

இடித்த இடத்திலேயே திரும்பவும் சுவர் வந்தது. அந்தப் பக்கம் இப்போது செல்போன் கடை. வாசலில் நீலமும் சிவப்புமாக ஓடுகிற விளக்குப் பலகை. எங்கள் ஷோரூம் மறுபடியும் ரயில் பெட்டி ஆகிவிட்டது. பட்டுப்புடவைப் பகுதியை எடுத்துவிட்டோம். கல்யாணப் பட்டு எடுக்கிறவர்கள் தர்மபுரிக்குத்தான் போகிறார்கள். அது எங்களுக்குப் பெரிய அடி, இல்லை என்று சொல்ல மாட்டேன். சுவர் எழும்பிய அன்று ராத்திரி நானும் சாப்பிடவில்லை. மறுநாள் புதுச் சுவருக்கும் வெள்ளை அடிக்கச் சொல்லி, அந்தப் பக்கத்து விளக்குகளைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டினோம். பாதி கடைக்கு அத்தனை விளக்கு தேவைப்படவில்லை. மிச்சத்தை எடுத்து வைத்திருக்கிறேன், ஏதாவது பழுதானால் ஆகும்.

போன தை மாதம் கடை திறந்து கொஞ்ச நேரத்தில், தர்மபுரி பஸ்ஸிலிருந்து இறங்கி என் ஓரகத்தி வந்தார். அண்ணனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூட அவர் மகள். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அவளுக்கு எங்கள் மாமனாரின் நிறம், என்னைவிட ஒரு பிடி கறுப்பு கூடவே இருக்கும். அவ்வளவு பெரிய கடையை வைத்துக்கொண்டு பஸ் ஏறி இங்கே எதற்கு வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்காவே சொன்னார்.

"அங்க எடுத்தத வூட்டுல கட்டிப் பாத்துட்டு அழுவறா. மூணு தடவ மாத்திட்டோம். ஒவ்வொண்ணும் அங்க ஒரு மாதிரி, வூட்டுல ஒரு மாதிரி இருக்குது."

"சித்தி, எனக்கு நெத்தியடியா ஒண்ணு வேணும்" என்றாள் பெண்.

ஒரு மணி நேரம் கடையையே கலைத்துப் போட்டாள். நான் தூரமாகவே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவளாக எடுத்தது, அரக்குக் கரை போட்ட கடுகு மஞ்சள் காட்டன் சில்க். ட்ரையல் ரூமில் அதைச் சுற்றிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தாள். பில்டர் எதுவும் போடவில்லை. அதை மாப்பிள்ளைப் பையனுக்கு அனுப்பினாள் என்று அவள் உதட்டைக் கடித்த விதத்தில் தெரிந்தது. அக்கா கதவோரம் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

பில் போடும்போது என் காதோரம் குனிந்து, "உங்க மாமாகிட்ட சொல்லிடாத" என்றார். "கடை பேரு போட்ட பையி வேணாம். வெறும் பையில போட்டுக் குடு."

கல்லாவுக்குக் கீழே வெறும் பை ஒரு கட்டு இருந்தது. நான் எங்கள் பையை எடுத்தேன். கடைப் பெயரைச் சிவப்பில் பெரிதாக அச்சடித்த பை. புடவையை அதில் வைத்து, பெயர் வெளியே தெரிகிற மாதிரி மடித்து அக்காவின் கையில் கொடுத்தேன்.

"வெறும் பை வேணாங்க அக்கா. மாமா கேட்டா இங்கதான் எடுத்தோம்னு சொல்லுங்க. கேக்கலன்னாலும் சொல்லுங்க."